வற்றாப்பளைத் தோட்டங்களில் ஒரு நாள்

முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளை வீதியில் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் நந்திக்கடல் காற்று முகத்தில் படும். வைகாசி விசாகப் பொங்கலுக்குச் சனம் திரளும் கண்ணகி அம்மன் கோயில் இந்தக் கடனீரேரிக் கரையில்தான் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி இலங்கையில் தங்கிய பத்தாவது இடம் இது. பத்தாம்பளையே வற்றாப்பளை ஆனது என்று ஊரவர் சொல்வார்கள். பொங்கலுக்கு வருபவர்கள் கச்சான் வாங்காமல் திரும்புவது குறைவு.

அன்று நான் போனது கோயிலுக்கல்ல. கச்சானும் மரக்கறியும் செய்கை பண்ணும் பெண்களின் தோட்டங்களை விவசாயப் போதனாசிரியர் பார்வையிடுவதற்கு ஒழுங்கு செய்வது எனது வேலை. விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் தோட்டங்களை நேரில் வந்து பார்ப்பார்கள். நீர் எங்கிருந்து வருகிறது, மருந்து எங்கே வைக்கப்படுகிறது, எந்தத் திகதியில் எதை அடித்தார்கள், எப்போது பிடுங்கினார்கள் என்றெல்லாம் கேட்பார்கள்.

முதல் தோட்டம் கூட்டிப் பெருக்கித் துப்புரவாக இருந்தது. மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஒரு அக்காவின் மிளகாய்த் தோட்டம் அது. "வெறும் மருந்துப் போத்தல்களை எங்கேயம்மா போடுறனீங்கள்?" என்று போதனாசிரியர் கேட்டார். அக்கா பேசவில்லை. கடைசி மகன் பின்பக்க வாய்க்காலைக் கையால் காட்டினான்.

மழை பெய்தால் அந்த வாய்க்கால் நந்திக்கடலுக்குத்தான் ஓடும். 2017 இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை அது. அங்கே இறால் பிடித்துச் சீவிப்பவர்களும் எங்கள் சனந்தான்.

பிழை என்னுடையதும்தான். "பரிசோதிக்க வருகினம், பதிவு எடுப்பினம்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அந்தச் சொல் அவருக்கு என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

"எத்தினை பதிவு பதிஞ்சிட்டம், பிள்ளை. முகாமிலை பதிஞ்சம். திரும்பி வரேக்கை பதிஞ்சம். அவரைத் தேடிப் பதிஞ்சம். எழுதிக்கொண்டு போறவை திரும்பி வாறேல்லை" என்றார்.

இந்தப் பதிவை அவரே எழுதி, அவருடைய வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்று விளங்கப்படுத்தினோம். என்ன மருந்து அடித்தது என்று கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. கூலிக்கு வந்தவர் சோடாப் போத்தலில் கொண்டுவந்து அடித்திருக்கிறார். 2021 மே மாதம் இரசாயன உரமும் மருந்தும் இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. விலையேறிய அந்தக் காலத்தில் ஒரு போத்தலைப் பலர் பங்குபோட்டு வாங்கத் தொடங்கியதாக அக்கா சொன்னார். பெயர் ஒட்டிய போத்தல் ஒருவரிடம் தங்கிவிட, மற்றவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் கிடைப்பதில்லை. அடித்து எத்தனை நாளின் பின் பிடுங்கலாம் என்பது அந்த ஒட்டுத்தாளில்தான் இருக்கும். அக்காவோ மூன்றாம் நாளே மிளகாயைப் பிடுங்கிச் சந்தைக்கு அனுப்பி, வீட்டுக் கறிக்கும் போட்டிருந்தார்.

போத்தல்களை எல்லோருமாகப் பொறுக்கி எடுத்தோம். அன்று அந்தத் தோட்டம் தேறவில்லை. திரும்பவும் வருவதாகச் சொல்லி, திகதியையும் குறித்துக் கொடுத்தோம்.

குறித்த நாளில் போனோம். அப்பியாசக் கொப்பி ஒன்றை மூத்த மகள் கொண்டுவந்தாள். திகதி, மருந்தின் பெயர், அளவு, பிடுங்கிய நாள் எல்லாம் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தன. முன்பக்கத்தில் தோட்டக்காரர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். "நான்தானே செய்யிறன்" என்றார்.

சான்றிதழுக்கு இன்னும் சில வேலைகள் மிச்சமிருக்கின்றன. ஆனால் சகோதரிகளே, கொப்பி தொடங்கச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து அடிக்க ஆள் வந்தால் ஒட்டுத்தாளோடு போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரையும் மருந்துத் தாங்கியிலேயே ஊற்றுங்கள். பிறகு யாரும் எடுத்துப் பாவிக்காதபடி போத்தலில் ஓட்டை போடுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் சேர்த்து வைத்து, என்ன செய்வது என்று போதனாசிரியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.