சூடேறிய தரையும் நிறுத்தி வைத்த கூலியும்

கடந்த ஆண்டு ஷஅபான் மாதத்தில், தர்மபுரியில் உள்ள எங்கள் வீட்டின் மேற்குப் புறத்தில் அம்மாவுக்கென ஓர் அறை கூட்டிக் கட்டினோம். மாடிப்படி ஏற அவருக்கு இயலவில்லை. ரமளான் பிறை பார்ப்பதற்குள் அம்மா அங்கே தொழத் தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

தரைக்குச் சிமெண்ட் கலவை போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. "பாய், இன்னும் கொஞ்ச நாள் காய விடுவோம்" என்றார் கொத்தனார். நான் கேட்கவில்லை. டைல்ஸ்களுக்கு நடுவே இடைவெளி விடுவதற்காக அவர் பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்தபோதும், "இடுக்கில் அழுக்குச் சேரும், ஒட்டியே போடுங்கள்" என்று தடுத்துவிட்டேன். சுவரோரமும் அப்படியே. பார்ப்பதற்கு ஒரே கல்லை விரித்தது போலிருந்தது. வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினேன்.

சித்திரை பிறந்தது. மேற்கு ஜன்னல் வழியே மதியம் தொடங்கி மாலைவரை வெயில் அந்தத் தரையில்தான் விழும். ஒருநாள் அஸருக்குச் சற்று முன்னர் பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அறையின் நடுவே நான்கு டைல்ஸ்கள் முனையோடு முனை முட்டிக் கூடாரம்போல் எழுந்து நின்றன. அம்மா முஸல்லாவைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் உறைந்து நின்றிருந்தார். இன்னும் இரண்டு அடி உள்ளே வைத்திருந்தால்? அல்ஹம்துலில்லாஹ்.

சில்லறை வேலைகள் முடிந்ததும் தருவதாக நான் நிறுத்தி வைத்திருந்த 6,000 ரூபாயை இனித் தரமுடியாது என்று கொத்தனாரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் பதில் சொல்லும் முன்பே இணைப்பைத் துண்டித்தேன்.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகனிடம் அன்றிரவு இதைச் சொல்லிப் புலம்பினேன். அவனும் அப்போது வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். அங்கே குளிருக்காகத் தரைக்கடியில் குழாய்களைப் பதித்து, வெந்நீர் ஓடவிட்டு, மேலே சிமெண்ட் கலவை போடுகிறார்கள். அந்தக் கலவையை 21 நாட்கள் காயவிட்ட பிறகே சூடேற்றத் தொடங்குவார்களாம். முதல் மூன்று நாட்கள் வெதுவெதுப்பாக 25 டிகிரிக்குள், பிறகு நான்கு நாட்கள் முழுச் சூட்டில் வைத்து, ஆறவிட்டு, அதற்குப் பின்தான் டைல்ஸ். அதுவும் வளைந்துகொடுக்கும் பசையில், சுவரோரமெல்லாம் இடம் விட்டு. "புதுக் கலவை காயக் காயச் சுருங்கும் மாமா. மேலே இருக்கும் டைல்ஸ் சுருங்காது, சூட்டில் விரியத்தான் செய்யும். 12 அடி வரிசை 25 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நீளுவதற்கு இடமில்லையென்றால் மேலே எழும்பும். நீங்கள் இடைவெளி விட்டீர்களா?"

நான் பேச்சை மாற்றினேன்.

உறக்கம் வரவில்லை. கடும் வெயிலில் நெற்றியைத் தரையில் வைக்க முடியாதபோது, தாங்கள் உடுத்திய ஆடையின் ஓரத்தை விரித்து அதன்மீது ஸஜ்தா செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அம்மாவும் சில நாட்களாக முஸல்லாவின் கீழே போர்வையை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தரை சுடுகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நினைத்தபோதே இன்னொன்றும் நினைவில் வந்து குத்தியது. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்பேன்! இங்கே வியர்வை உலர்ந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. தவறோ என்னுடையது.

மறுநாள் மஃரிபுக்குப் பின், பாலக்கோடு சாலையில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். பணத்தை நீட்டி, "இடைவெளி வேண்டாம் என்றவன் நான்தான், மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே பாய்?" என்று மட்டும் கேட்டார். நான் தலையசைத்தேன். வாய் திறந்தால் குரல் உடையும் போலிருந்தது.

அடுத்த வாரம் வந்து எல்லாவற்றையும் பெயர்த்தார். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. சுவரைச் சுற்றித் தெர்மாகோல் பட்டை வைத்து, ஒவ்வொரு டைல்ஸுக்கும் இடம் விட்டுப் பதித்தார். அன்றாடக் கூலியை அன்றன்று அஸருக்குள் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுப் பந்தலும் போட்டாயிற்று.

அம்மா முதலில் உள்ளே வந்து, குனிந்து, விரலால் அந்த இடுக்கைத் தடவிப் பார்த்தார்.

"இதுல அழுக்குச் சேருமேப்பா?"

"சேரட்டும்மா. நான் துடைச்சுக்கிறேன்" என்றேன்.