கிடங்குக்கும் கடைக்கும் நடுவே

வழித்தடம் அமைப்பது என் தொழில் என்றதும் பலருக்கு வரைபடமும் அதன்மேல் ஓடும் நீலக்கோடும்தான் கண்ணில் வரும். என் திரையில் வரைபடமே கிடையாது. ஒரு அட்டவணை, அதில் வரிகள். எங்கிருந்து, எங்கே, எந்த வாகனம், எத்தனை நாள், எந்த நாள்காட்டி, எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை. சப்ளையரிடமிருந்து கிடங்குக்கு ஒரு வரி, கிடங்கிலிருந்து கடைக்கு ஒன்று, கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கு இன்னொன்று. வரி இல்லையென்றால் கிடங்கு நிறையச் சரக்கு இருந்தாலும் சிஸ்டம் கையை விரித்துவிடும். பொருள் இருக்கிறது, போக வழி இல்லை.

நான் புழங்குவது எஸ்ஏபியின் மென்பொருளில். ஐபிஎம்மை விட்டு வந்த ஐந்து பேர் 1972ல் தொடங்கிய நிறுவனம். தலைமையகம் ஹைடல்பெர்குக்குப் பக்கத்தில் வால்டோர்ஃப். அந்த மென்பொருளில் ஒரு டெலிவரிக்கு ரூட் கிடைக்க நான்கு விவரங்கள் பொருந்த வேண்டும். புறப்படும் மண்டலம், போய்ச்சேரும் மண்டலம், வாடிக்கையாளரோடு பேசிய ஷிப்பிங் நிபந்தனை, பொருளின் போக்குவரத்துக் குழு. ரூட் கிடைத்ததும் கணக்கு பின்னோக்கி நடக்கும். கடை கேட்கும் தேதியிலிருந்து பயண நாளைக் கழித்தால் சரக்கு வெளியேறும் நாள். அதிலிருந்து ஏற்றும் நேரத்தையும் எடுத்துக் கட்டும் நேரத்தையும் கழித்தால் கிடங்கில் வேலை தொடங்கவேண்டிய நாள். அந்த நாள் ஏற்கெனவே கடந்துபோயிருந்தால் இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணி, எப்போது முடியும் என்று வேறு தேதி சொல்லும்.

நம் ஊர் பார்சல் ஆபீஸில் புக்கிங் கிளார்க் ஒருவர் இருப்பாரே, "இன்னைக்குப் போட்டா வியாழக்கிழமை காலையில கோடவுன்ல எடுத்துக்கலாம், ஆனா அந்த ஊர்ல வியாழன் கடையடைப்பு, வெள்ளின்னு வச்சுக்குங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வாரே, அவர் மண்டையில் இருப்பதைத்தான் நான் வரிவரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வதில் பாதி, தூரத்தைப் பற்றியதே அல்ல என்பதைக் கவனியுங்கள். தூரம் எழுதுவது சுலபம். நாள்காட்டியில்தான் ஆள் மாட்டிக்கொள்வான்.

நான் வேலைசெய்யும் ஜெர்மனியில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஞாயிறும் அரசு விடுமுறையும் இரவு 10 மணிவரை ஓடக்கூடாது. விடுமுறையோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பழைய மதப்பிரிவுகளின் எல்லைக்கோடு இன்றும் விடுமுறைப் பட்டியலில் தெரிகிறது. சீர்திருத்த நாளான அக்டோபர் 31 துரிங்கியாவில் விடுமுறை, நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் இல்லை. அனைத்துப் புனிதர் நாளான நவம்பர் 1 அங்கே விடுமுறை, துரிங்கியாவில் இல்லை. துரிங்கியாவின் எர்ஃபுர்ட்டில் கிடங்கும் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனின் கொலோனில் கடையும் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டு நாளும் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

2024ஐ எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 31 வியாழன், நவம்பர் 1 வெள்ளி. சனிக்கிழமை கொலோனில் கடை திறக்கும். முதல் நாள் விடுமுறை, மறுநாள் ஞாயிறு, நடுவில் ஒற்றை வியாபார நாள், கூட்டம் அள்ளும். சனி காலை சரக்கு வேண்டும் என்று கடை கேட்கிறது. பயணம் ஒரு நாள். ரூட்டுக்குக் கொலோனின் நாள்காட்டியைக் கட்டியிருந்தால், வெள்ளி விடுமுறை என்று சிஸ்டம் வியாழனுக்குப் போகும். வியாழன் எர்ஃபுர்ட் கிடங்கு மூடல். புதனுக்குப் போகும். ஆக, சனிக்கிழமைச் சரக்கு புதனே வெளியேற வேண்டும் என்று தேதி வரும்.

சாலை சொல்வது வேறு. வெள்ளியன்று கிடங்கு திறந்திருக்கிறது. நடுவில் வரும் ஹெஸ்ஸன் மாநிலத்தில் நவம்பர் 1 சாதாரண நாள். மாலையில் கிளம்பும் லாரி, 10 மணிக்குப் பிறகு ஸீகன் பக்கம் மாநில எல்லையைத் தாண்டினால், நாலரை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டிய 45 நிமிட ஓய்வையும் சேர்த்து, விடிவதற்கு முன் கொலோனில் நிற்கும். இதற்காக அந்த ரூட்டுக்கு மட்டும் தனி நாள்காட்டி ஒன்றை உருவாக்கி, அந்த வெள்ளியை வேலை நாளாகக் குறித்து, புறப்படும் நேரத்தை மாலைக்குத் தள்ளுவேன். வெளியே இருந்து பார்த்தால் ஒரு கட்டத்தில் ஒரு டிக். அந்த டிக்கை எங்கே போடுவது என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சில வருடங்கள் ஆயின.

தயிருக்கு இந்தத் தலைவலி இல்லை. புதுப் பால், பால் பொருட்கள், இறைச்சி, மீன், சீக்கிரம் கெடும் காய்கனிகள் ஆகியவற்றுக்குத் தடையிலிருந்து சட்டமே விலக்கு தருகிறது. ஆகவே ஷாம்புவும் தயிரும் ஒரே கிடங்கிலிருந்து ஒரே கடைக்குப் போனாலும் அவற்றுக்கு ஒரே வரி போதாது. போக்குவரத்துக் குழு என்ற கட்டத்தை அலங்காரம் என்று நினைத்து எல்லாப் பொருளுக்கும் ஒன்றையே நிரப்பிவைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

அடுத்தது மண்டலங்கள். அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கத்தை வைத்து நாட்டைப் பிரிப்பது வழக்கம். இன்றைய ஐந்திலக்கக் குறியீடு 1993 ஜூலை 1ல் வந்தது. அதற்கு முன் கிழக்கிலும் மேற்கிலும் நான்கிலக்கம். நாடு இணைந்தபோது மேற்கிலிருந்த பானுக்கும் கிழக்கிலிருந்த வைமாருக்கும் 5300 என்ற ஒரே எண். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தை ஒட்டிச் சில வருடம் சமாளித்தார்கள். புதிய முறை ஒழுங்கானதுதான், ஆனால் அது தபாலுக்காகப் போட்டது. பாலட் ஏற்றிய லாரிக்காக அல்ல.

26 என்று தொடங்கும் பகுதியில் ஓல்டன்பர்க், எம்டன், லேர் எல்லாம் வரும். மறுநாள் டெலிவரி என்று எழுதிவிடலாம். 26571ம் அதில்தான் இருக்கிறது. அது யூஸ்ட் தீவு. நோர்ட்டைக் துறையிலிருந்து போகும் கப்பலின் நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. இன்று காலை என்றால் சில நாள் கழித்து மாலை. தீவில் கார் கிடையாது, இறங்கும் சரக்கைக் குதிரை வண்டி இழுத்துப்போகும். இப்படிப்பட்ட ஊருக்கு "1 நாள்" என்று ஒரு வரி காட்டினால் அது பொய் சாட்சி. ஹெல்கோலாண்டின் 27498 இன்னும் வேடிக்கை. ஜெர்மன் மண்தான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே. ஸ்விட்சர்லாந்து சூழ்ந்திருக்கும் ப்யூசிங்கனும் அப்படியே. 78266 என்று ஒரு ஜெர்மன் எண், 8238 என்று ஒரு ஸ்விஸ் எண். பக்கத்து ஸிங்கனுக்குப் போகும் பெட்டிக்கு டெலிவரிச் சீட்டு போதும், ப்யூசிங்கனுக்குச் சுங்கத் தாள் வேண்டும். இந்த மூன்றுக்கும் தனி மண்டலம் போட்டிருக்கிறதா என்பதை வைத்தே, முன்னால் அந்த அட்டவணையைத் தொட்டவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் முடிவுத் தேதி உண்டு. யாரும் யோசிப்பதில்லை, 31.12.9999 என்று போட்டுவிடுவோம். 2021 டிசம்பர் 2ல் லூடன்ஷைட் அருகே ஏ45 நெடுஞ்சாலையின் ராமெடே பாலத்தைப் பழுது காரணமாக ஒரேயடியாக மூடினார்கள். லாரிகள் ஊருக்குள் நுழைந்தன; 2023 மே 7ல் பாலத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த மலைப்பகுதி உலோகச் சாமான் செய்யும் சப்ளையர்கள் நிறைந்தது. அங்கிருந்து கிளம்பும் வரிகளின் பயண நேரமெல்லாம் ஒரே நாளில் பழசானது. ரைன் நதியும் இப்படித்தான். 2018 அக்டோபரில் கௌப் அளவுகோலில் நீர்மட்டம் 25 சென்டிமீட்டர் காட்டியது. கப்பல்கள் பாரத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்தன. கப்பலுக்கு அடுத்த முன்னுரிமையாக ரயிலையோ லாரியையோ எழுதிவைத்திருந்தவருக்காவது அன்று அட்டவணையில் மாற்று இருந்தது.

இவையெல்லாம் கையேட்டில் வராது. லாரிகளைப் பிரித்து அனுப்பும் டிஸ்போனன்ட்டிடம் கேட்க வேண்டும். "வெள்ளி ஒரு மணிக்கு மேல் அவரவர் பாடு" என்று ஜெர்மன்காரர்களிடம் ஒரு வழக்கு உண்டு. ஒரு டிஸ்போனன்ட் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது நான் சிரிக்கவில்லை. சரக்கு வாங்கும் நேரம் என்ற கட்டத்தைத் திறந்து, எந்தெந்தக் கிடங்குகள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும் சரக்கைத்தான் எல்லாரும் கடைசிக்கு ஒதுக்குகிறார்கள். வழித்தடத்துக்குத் திசை உண்டு. போகும் வரி, வரும் வரியாகாது. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை இங்கே உண்டு. இப்போது கடைகளும் சரக்கு அனுப்புகின்றன. கொலோன் கடை அனுப்பிய சட்டையை வாடிக்கையாளர் பான் கடையில் கொண்டுவந்து கொடுக்கிறார். அது அங்கேயே தொங்குமா, கொலோனுக்குப் போகுமா, எர்ஃபுர்ட்டுக்கா? புதுத் திட்டம் ஒன்றில் உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது இந்தச் சட்டையைப் பற்றித்தான். அறையில் கணக்குத் துறை ஒன்று சொல்லும், கடைத் துறை இன்னொன்று சொல்லும், மதியச் சாப்பாடுவரை அது ஓடும்.