தெரு விளக்கு எண்ணப் போனேன்!

"டவுன்டவுன் பார்க்கணும்" என்று நான் சொன்னதும் மாப்பிள்ளை கையிலிருந்த தோசைத் துண்டு வாய்க்குப் போகாமல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"எந்த ஊர் டவுன்டவுன், மாமா?"

"இந்த ஊர்தான். டெட்ராய்ட்."

"பகல்லயா?"

"பகல்ல போய் என்ன பண்றது? விளக்குப் போட்டப்புறம்தான்."

மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, நயாகரா போகலாம், சிகாகோ போகலாம்னு லிஸ்ட் போட்டு வச்சிருக்கோம். உங்களுக்கு ஏன் இப்படி ஒரு ஆசை?"

"அது ஆசையில்லடி, வியாதி. முப்பத்து மூணு வருஷ வியாதி. இங்கயும் வந்து ஃப்யூஸ் போடப் போறார்" என்றாள் என் சம்சாரம், சட்னியைத் தாளித்தபடி.

அவள் சொன்னதில் தப்பில்லை. மின்சார இலாகாவில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டி ரிடையர் ஆனவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கோபுரத்தைப் பார்க்க மாட்டேன், கம்பத்தைத்தான் பார்ப்பேன். 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி மஞ்சக் கடுதாசி கொடுத்தது. அமெரிக்க நகராட்சிகளிலேயே பெரிய திவால் அதுதான், கடன் சுமார் 1,800 கோடி டாலர். அந்தச் செய்தியில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஊரில் இருந்த 88,000 தெருவிளக்கில் சுமார் 40 சதவிகிதம் எரியவில்லையாம்! உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊர். 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்த ஊர். (2020 கணக்கில் ஆறு லட்சத்து 39 ஆயிரம்தான்.) அந்த ஊரில் விளக்கு எரியவில்லை என்றால் யாரோ ஒரு ஜே.இ. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் இல்லையா? அவன் எனக்குச் சொந்தக்காரன் மாதிரிதான்.

மகள் இருப்பது டிராய் என்ற புறநகர். இங்கே குறுக்குச் சாலைகளுக்கு மைல் கணக்கில்தான் பேர். டவுன்டவுன் நடுவில் கேம்பஸ் மார்ஷியஸ் என்று ஒரு சதுக்கம். அங்கிருந்து அளந்துகொண்டு வந்தால் எட்டாவது மைலில் வருவது 'எயிட் மைல் ரோடு'. அதற்குத் தெற்கே டெட்ராய்ட் நகரம், வடக்கே புறநகர்கள். ரோடு என்று பேர்தானே தவிர, பல வருஷமாக அது ஒரு மதில் சுவர். தெற்கே பெரும்பாலும் கறுப்பர்கள், வடக்கே பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நம்மவர்களும் வடக்கேதான் வீடு வாங்குகிறார்கள். மகள் வீடு பதினாறாவது மைலுக்குப் பக்கம். பத்து வருஷமாக இருக்கிறார்கள், டவுன்டவுனுக்குப் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"என்னைத் தனியா இறக்கி விட்டுடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். மாப்பிள்ளை என்னைத் தனியாக விடுகிற ஜாதி இல்லை. 2024 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கார் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

முதலில் 'பீப்பிள் மூவர்' ஏறினோம். தலைக்கு மேலே தூண்களில் ஓடுகிற குட்டி ரயில். டிரைவர் கிடையாது. 1987-லிருந்து டவுன்டவுனையே சுற்றிச் சுற்றி வருகிறது. மொத்தம் 2.9 மைல், 13 ஸ்டேஷன். ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். நாங்கள் போனபோது டிக்கெட்டும் இல்லை. இலவசமாக ஊர் பார்க்க இதைவிட உசத்தியான ஏற்பாடு கிடையாது. ஆற்றோரம் வரும்போது மாப்பிள்ளை, "அதோ கனடா, மாமா" என்று காட்டினார். தெற்கே காட்டினார்! அமெரிக்காவிலிருந்து தெற்கே பார்த்தால் கனடா. பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாரிடம் நான் இப்படிச் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

டவுன்டவுன் ஜொலித்தது. பொய் சொல்லக்கூடாது. 1998-ல் வெடி வைத்துத் தகர்த்தார்களே, ஹட்ஸன்ஸ் என்ற பிரமாண்டமான ஜவுளிக்கடை, அந்த இடத்தில் 681 அடியில் புதுக் கட்டிடம் எழும்பி நின்றது. 1988-ல் மூடி, முப்பது வருஷம் பாழாய்க் கிடந்த மிஷிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 2018-ல் ஃபோர்டு கம்பெனி வாங்கிச் செப்பனிட்டு, நான் வருவதற்கு நாலு மாசம் முன்னால்தான் திறந்திருந்தார்கள். 2010-ல் டான் கில்பர்ட் என்ற வீட்டுக்கடன் கம்பெனி முதலாளி தன் ஆபீஸை டவுன்டவுனுக்குக் கொண்டுவந்தார். பிறகு கட்டிடம் கட்டிடமாக வாங்க ஆரம்பித்து நூறைத் தாண்டிவிட்டார். வாங்கியதோடு விடவில்லை. சுற்றிலும் கேமரா, சொந்தக் காவலாட்கள், எல்லாவற்றையும் பார்க்க ஒரு கண்ட்ரோல் ரூம். பெஞ்சில் குழந்தைகள், கைகோத்த ஜோடிகள், நாய்கள், நாய்களுக்கு ஸ்வெட்டர்! மாப்பிள்ளை சாவியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டார்.

கேம்பஸ் மார்ஷியஸ் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு கறுப்பர் உட்கார்ந்திருந்தார். என் வயசு இருக்கும். நான் அண்ணாந்து கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, "என்ன, பல்பு எண்றீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அசந்து போகாமல், "நானும் எண்ணியிருக்கேன்" என்றார். ரிடையர்டு பஸ் டிரைவர். நகரத்தின் கிழக்குப் பக்கம் வீடு. பென்ஷன்காரனுக்குப் பென்ஷன்காரன் எந்த பாஷையிலும் புரியும்.

"எங்க தெருவிலே ஆறு வருஷம் ஒண்ணும் எரியலை. ஒண்ணு போச்சுன்னா வரிசையா எல்லாம் போயிடும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பழைய லைன்களில் பலவும் சீரீஸ் சர்க்யூட். நம்ம மாரியம்மன் கோயில் சீரியல் செட் மாதிரி. ஒரு பல்பு புட்டுக்கிச்சு என்றால் அலங்காரம் பூராவும் அணைந்துவிடும். அதற்கு மேல் தாமிரத் திருட்டு வேறு. கம்பியை உருவிப் பழைய இரும்புக் கடையில் போட்டுக் காசாக்கிவிடுவார்கள். நம்ம ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை வடிப்பவர்களின் அமெரிக்க அண்ணன் தம்பிகள்!

"அப்போ ராத்திரி எப்படி?"

"தெருவே சேர்ந்து பேசி வச்சுக்கிட்டோம். எல்லாரும் வாசல் விளக்கை விடிய விடிய எரிய விடணும். யார் வீட்டுல எரியலையோ, காலையில போய்க் கதவைத் தட்டுவோம். பில்லு கட்ட முடியலையா, உடம்பு சரியில்லையான்னு கேப்போம். பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்குமில்லையா?"

அக்டோபரில் இங்கே விடிவதே ஏழே முக்காலுக்குத்தான். அதற்கு முன்னாலேயே தெருமுனையில் நிற்கிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

2014-லிருந்து புது விளக்குகள் வந்தன. எல்லாம் எல்.ஈ.டி. 18.5 கோடி டாலர் செலவில் 65,000 விளக்கு, 2016 டிசம்பரில் முடித்தார்கள். திருடனுக்குப் பிரயோஜனப்படாத அலுமினியக் கம்பி போட்டார்கள். என் சர்வீஸில் இதைவிடச் சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: இருந்தது 88,000, போட்டது 65,000. தெருமுனைக்கு ஒன்று, நடுவில் நீளம் ரொம்ப அதிகமாக இருந்தால் மட்டும் இன்னொன்று. ஜனமும் குறைந்துவிட்டதே என்பது அவர்கள் கணக்கு. வாங்கின விளக்கில் சுமார் 20,000 சீக்கிரமே மங்கி, 2019-ல் சப்ளை பண்ணின கம்பெனி மேல் கேஸ் போட வேண்டி வந்தது தனிக் கதை. காண்ட்ராக்ட் என்றால் எந்த நாட்டிலும் காண்ட்ராக்ட்தான்.

"இப்போ வாசல் விளக்கை அணைச்சுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் அணைக்கணும்?" என்றார். எழுந்து பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பும்போது ஹைவே வேண்டாம், உட்வர்டு அவென்யூ வழியாகவே போகலாம் என்று அடம்பிடித்தேன். பெட்ரோல் போட வேண்டியிருந்தது. மாப்பிள்ளை இரண்டு பங்க்கைத் தாண்டிப்போய் மூன்றாவதில் நிறுத்தினார். காரணம், அதன் வாசலில் ஒரு பச்சை விளக்கு மின்னி மின்னி எரிந்தது. இதற்கு 'பிராஜெக்ட் கிரீன் லைட்' என்று பேர். ராத்திரி நடக்கிற வன்முறையில் நாலில் ஒரு பங்கு பெட்ரோல் பங்க்குகளைச் சுற்றித்தான் என்று போலீஸ் கணக்குப் பார்த்து, 2016 ஜனவரியில் எட்டு பங்க்குகளில் ஆரம்பித்தார்கள். இப்போது நூற்றுக்கணக்கான கடைகளில் இருக்கிறது. அங்கே இருக்கிற கேமரா நேராகப் போலீஸ் ஆபீஸில் தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேமராவுக்கும் விளக்குக்கும் சில ஆயிரம் டாலர், அது போக மாசச் சந்தா, எல்லாம் கடைக்காரர் கைக்காசு. பணம் கட்ட முடியாத கடை வாசலில் பச்சை இல்லை. பச்சை இல்லாத இரண்டு பங்க்கை மாப்பிள்ளை தாண்டி வந்தாரே, அவர்கள் வியாபாரம்?

கேமராவுக்குக் கண் இருக்கிறதே தவிர, புத்தி கிடையாது. 2020 ஜனவரியில் ஒரு கடைத் திருட்டு வீடியோவிலிருந்த முகத்தை கம்ப்யூட்டர் தப்பாகப் பொருத்திவிட, டெட்ராய்ட் போலீஸ் ஒரு புறநகர்க்காரரை அவர் வீட்டு வாசலிலேயே, மனைவி, பெண் குழந்தைகள் கண் முன்னால் விலங்கு மாட்டிக் கூட்டிப் போனது. ஆள் அவரில்லை. 2024-ல் நகராட்சி நஷ்ட ஈடு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவரும் கறுப்பர்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

கொலை குறைந்திருப்பது நிஜம். 1974-ல் 714 பேர் கொலையான ஊரில் 2024-ல் 203. 1965-க்கு அப்புறம் அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. விளக்கினாலா, கேமராவினாலா, போலீஸாலா, ஜனங்களாலா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாருமே என்னால்தான் என்கிறார்கள்.

ஆறாவது மைல் நெருங்குவதற்குள் ஹைலண்ட் பார்க் வந்தது. டெட்ராய்ட்டின் வயிற்றுக்குள் இருக்கிற தனிக் குட்டி நகராட்சி இது. 1913-ல் ஹென்றி ஃபோர்டு உலகத்தின் முதல் ஓடும் கார் அசெம்பிளி லைனை ஓட்டியது இங்கேதான். 1914-ல் தினக்கூலி ஐந்து டாலர் என்று அவர் அறிவித்து ஜனங்கள் முண்டியடித்ததும் இங்கேதான். 2011-ல் இந்த நகராட்சிக்குக் கரண்ட் பில் பாக்கி சுமார் 40 லட்சம் டாலர். கட்ட முடியவில்லை. மின்சாரக் கம்பெனி என்ன செய்தது? அணைக்கவில்லை ஸார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகளைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது!

"ஒரு தெரு உள்ளே திருப்புங்க" என்றேன். மாப்பிள்ளை சாவி பிடித்த பிடியை இப்போது ஸ்டியரிங்கில் பிடித்தார். திருப்பினார். நாங்கள் போன தெரு கரேலென்று இருந்தது. அங்கங்கே ஒரு வாசல் விளக்கு. ஓரிடத்தில் ஒரு சோலார் விளக்கு. ஊர்க்காரர்களே சங்கம் சேர்ந்து, காசு போட்டு, சோலார் கம்பம் நட ஆரம்பித்திருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். அதன் அடியில் ஒரு பையன் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. இத்தனை வருஷம் வீட்டில் சொல்லாத ஒன்றை மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

நான் சர்வீஸில் சேர்ந்த புதிது. ஒரு பஞ்சாயத்து தெருவிளக்குப் பாக்கி வைத்திருந்தது. மேலேயிருந்து ஆர்டர் என்றுகூடச் சொல்ல முடியாது. நானே வீறாப்பாக லைன்மேனைக் கூட்டிப்போய் ஃப்யூஸைப் பிடுங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தேன். சட்டப்படி சரிதான். மூன்றாம் நாள் பிரசிடெண்ட் பணம் கட்டினார். மறுபடி மாட்டிவிட்டேன். அடுத்த மாசம் ஒருத்தர் தாங்குகட்டையோடு வீட்டு பில் கட்ட வரிசையில் நின்றார். பால்காரர். விடியற்காலை இருட்டில் சைக்கிளோடு மதகுக்குள் விழுந்து கால் முறிந்ததாம். எந்த நாள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "கரண்டு இல்லீங்க ஸார் அன்னிக்கு" என்றார், எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்கிற மாதிரி.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "மாமா, நாம பெட்ரோல் போட்ட மாதிரிதான் நானும் வீடு வாங்கினேன், இல்ல?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. எயிட் மைல் ரோடு தாண்டியது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம்.

வீட்டுக்கு வந்தபோது மணி பத்தரை. வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சம்சாரம் கதவைத் திறந்தாள்.

"என்ன, எண்ணியாச்சா? எத்தனை விளக்கு?"

"ஹைலண்ட் பார்க் வரைக்கும் எண்ணினேன். அப்புறம் விட்டுப்போச்சு."

"சரி, கை கால் கழுவிட்டு வாங்க, ரசம் சுட வைக்கறேன்" என்று உள்ளே போகும்போது, வழக்கம்போல வாசல் சுவிட்சில் கை வைத்தாள்.

"அது இருக்கட்டும்" என்றேன்.