ரைமன் மண்டபத்தில் எம்மிலூ

அட்லாண்டாவிலிருந்து நாஷ்வில் நகரத்துக்கு ஏறக்குறைய 250 மைல். சனிக்கிழமை காலையில் நானும் என் மனைவியும் காரில் புறப்பட்டு, சட்டநூகாவையும் அதற்கப்பால் மான்டீகிள் மலையையும் கடந்து, மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். வழியைப்பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் மனமெல்லாம் அன்றிரவு பாடகி எம்மிலூ ஹாரிஸ் பாடவிருந்த ரைமன் மண்டபத்திலேயே இருந்தது.

செங்கல்லால் எழும்பிக் கூரிய முகப்போடு நிற்கும் அந்தக் கட்டடத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அதை ஒரு மாதா கோயில் என்றே எண்ணுவார்கள். எண்ணுவதில் பெரும் பிழையும் இல்லை. நதியில் நீராவிப் படகுகள் விட்டுப் பெரும் பொருள் சேர்த்த டாம் ரைமன் என்பவர், சாம் ஜோன்ஸ் என்ற பாதிரியார் 1885-இல் கூடாரமொன்றில் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மனம் திரும்பி, அத்தகைய வாக்குக்கு ஏற்றதோர் இடம் வேண்டும் என்ற சங்கல்பத்தோடு எழுப்பிய இந்த ஆராதனை மண்டபம் 1892-இல் பூர்த்தியாயிற்று. ஒலிபெருக்கி தோன்றாத காலத்தில் பிரசங்கத்துக்கென்றே கட்டியதாலோ என்னவோ, மெலிந்த குரலும் அங்கே கடைசி வரிசை வரையில் தெளிவாக எட்டுகிறது. 1943 முதல் 1974 வரையில் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற வானொலிக் கச்சேரி வாரந்தோறும் நடந்ததும் இந்த மண்டபத்தில்தான். 1945 டிசம்பரில் பில் மன்றோ என்ற பாடகரின் இசைக்குழுவில் ஏர்ல் ஸ்கரக்ஸ் என்ற இளைஞர் வந்து சேர்ந்து, மூன்று விரல்களால் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை மீட்டி, புளூகிராஸ் என்ற புதிய சம்பிரதாயத்துக்கு உருவம் கொடுத்ததும் இந்த மேடையில்தான்.

அப்பேர்ப்பட்ட கீர்த்தி வாய்ந்த மண்டபம், 1974-இல் ஆப்ரி கச்சேரி நகர மையத்துக்கு வெளியே கட்டப்பட்ட புதிய அரங்கத்துக்குப் பெயர்ந்த பிறகு, கவனிப்பாரற்றுச் சிதிலமடையத் தொடங்கியது. இடித்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. அந்த நிலையில், 1991-இல், ஸாம் புஷ் முதலிய வித்துவான்களைச் சேர்த்துக்கொண்டு, மின்சார வாத்தியங்களின் ஆரவாரத்தை ஒதுக்கிவிட்டு, அங்கேயே பாடி இசைத்தட்டாகப் பதிவு செய்யத் துணிந்தவர் எம்மிலூ. மேல்மாடம் தாங்காது என்ற அச்சத்தால் அதன்மேலோ கீழோ ஒருவரையும் உட்காரவிடாமல், சுமார் 200 பேரை மட்டும் அனுமதித்தார்களாம். மறுவருஷம் அந்த இசைத்தட்டு வெளிவந்ததும் தேசத்தாரின் நினைவு மீண்டும் ரைமனை நோக்கித் திரும்பிற்று. 1994-இல் மண்டபம் புதுப்பிக்கப்பட்டுக் கதவு திறந்தது. அதற்குப் பலருடைய முயற்சியும் காரணமென்றாலும், அந்தக் குரலுக்கு அதில் பெரும் பங்குண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிராட்வே வீதியின் மதுக்கடைகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு ஒன்றையொன்று அமிழ்த்திக்கொண்டு எழுந்த அந்த மாலையில், அந்த இரைச்சலைக் கடந்து உள்ளே போய், கோயில்களில் இருப்பவை போன்ற நீண்ட மரப் பலகைகளில் அயலாரோடு தோளுரச உட்கார்ந்தபோதே மனம் அமைதியடைந்துவிட்டது. 1947-இல் பிறந்த எம்மிலூ வெள்ளிக் கூந்தலோடும் கிட்டாரோடும் மேடைக்கு வந்தார். இளமைப் பதிவுகளில் நான் கேட்டிருந்த அந்தப் பளிங்குக் குரலில் இப்போது கரகரப்பு ஏறியிருக்கிறது. உச்ச ஸ்தாயியில் சில இடங்களில் அது உடைந்தும் போகிறது. ஆயினும், மறைக்காமல், அலங்கரிக்காமல், துக்கத்தை உள்ளபடியே எடுத்துச் சொல்வதையே தர்மமாகக் கொண்ட கன்ட்ரி சங்கீதத்துக்கு அந்த உடைவு குறையாகாது என்பதே என் துணிபு. நம் கோட்டுவாத்தியத்தைப் போலத் தந்திகளின்மேல் உருளையை வழுக்கவிட்டு வாசிக்கும் ஸ்டீல் கிட்டார், அவர் சொல்லி நிறுத்திய இடத்திலிருந்து அந்தத் துயரத்தை எடுத்துக்கொண்டு இன்னும் சற்றுத் தூரம் சென்றது.

தம்மை இந்தச் சங்கீதத்துக்குள் அழைத்து வந்த கிராம் பார்சன்ஸ் 1973-இல், இருபத்தாறாவது வயதில், அகால மரணமடைந்த பிறகு எம்மிலூ இயற்றிய ‘போல்டர் டு பர்மிங்ஹாம்’ என்ற பாட்டைத் தொடங்கியபோது, என் பக்கத்திலிருந்த ஒரு மூதாட்டி ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள்ளேயே கூடப் பாடிக்கொண்டிருந்தார். கச்சேரி முடிந்து எழுந்தபோது அவரே எங்களைப் பார்த்து, “என் புருஷன் போனபோது எனக்குத் துணையாக இருந்தது இந்தப் பாட்டுத்தான்” என்று சொன்னார். ஏறக்குறைய அரை நூற்றாண்டாகப் பாடிப் பாடி ஒரு பாட்டு இப்படிப் பிறருடைய சொத்தாகிவிட்டதென்றால், அதைப் பாடியவருக்கு வேறு என்ன விருது வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை புறப்படுமுன் அந்த 1992-ஆம் வருஷத்து இசைத்தட்டை வாங்கிக்கொண்டு, வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தோம். முந்தின இரவு மண்டபம் நிறைந்த கூட்டத்தின் கரகோஷத்தைக் கேட்டு வந்த எங்களுக்கு, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் எழும் அந்த இருநூறு பேரின் கைத்தட்டல் அதைவிடப் பெரிதாகவே ஒலித்தது.