மணி ஐயரின் திருமுகம்

அமெரிக்காவின் 28ஆம் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன், தம் உரைகளைத் தாமே சுருக்கெழுத்தில் குறித்துத் தட்டச்சுப் பொறியில் தாமே அடித்து முடிக்கும் இயல்பினர். அவருடைய எழுத்துகளும் கடிதங்களும் பின்னாளில் 69 தொகுதிகளாக அச்சேறின. இவ்வளவு எழுதியவர் விடை எழுதாத கடிதங்களைத் தேடிப் பார்ப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு. 1917 ஜூன் 24ஆம் நாள் சென்னையிலிருந்து சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அவருக்கு எழுதிய கடிதம் அத்தகையது.

மதுரையில் 1842இல் பிறந்து, மணி ஐயர் என்று ஊரார் அழைக்க வளர்ந்து, வக்கீலாகப் பெயர் பெற்று, சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்ற முதல் இந்தியர் இவர். ஓய்வுக்குப் பின், இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டிய ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவரானார். விசாரணையின்றி ஒருவரை முடக்கிவைக்க இடமளித்த போர்க்காலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவ்வியக்கத்தைத் தொடங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரை 1917 ஜூன் நடுவில் உதகைக்கு அனுப்பினார்கள்; கிழவர் உடனே எழுதுகோலை எடுத்தார். தபாலுக்குத் தணிக்கை இருந்தமையால், பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஹாட்ச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் கடிதத்தைக் கையோடு கொண்டுபோனார்கள்.

மதுரைக்காரர் ஒருவர் தொலைவிலுள்ள ஆட்சியாளருக்கு முடங்கல் அனுப்பினார் என்றவுடன், பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் நிற்கும் திருமுகப் பாசுரம் நினைவுக்கு வராமல் இராது. யாழிசைத்து வழிபட்ட பாணபத்திரரின் வறுமையைத் தீர்க்க, மதுரை ஆலவாய் இறைவனே சேரமான் பெருமாளுக்கு வரைந்த பரிந்துரை ஓலை அது. அனுப்புபவர் இன்னார், பெறுபவர் இத்தகைய கொடையாளர், ஓலை கொணர்பவர் இவ்வளவு அன்பர், ஆகவே பொருள் கொடுத்து அனுப்புக என்று நான்கே நகர்வுகளில் அது முடிந்துவிடுகிறது. புகழ்ச்சி உண்டு, கெஞ்சல் இல்லை, கேட்கப்படுவது எது என்பதிலும் மயக்கமில்லை. கடவுளே ஆயினும், ஓர் அரசனிடம் கேட்கும்போது அவனுடைய கொடையை முதலில் நினைவூட்டியே கேட்கிறார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. சேரமானோ ஓலையைத் தலைமேல் கொண்டு கூத்தாடிக் கருவூலத்தையே திறந்துவிட்டான் என்றும், பாணர் தமக்கு வேண்டிய அளவே எடுத்துக்கொண்டார் என்றும் வரலாறு கூறும். பாணர் நடந்து போன வழியில் தணிக்கை அதிகாரி எவரும் இல்லை.

மணி ஐயரின் கடிதமும் ஏறத்தாழ அந்த அடவிலேயே செல்கிறது. வில்சன் 1917 ஏப்ரலில் போரில் இறங்கியபோது, மக்களாட்சிக்கு உலகைப் பாதுகாப்பான இடமாக்குவோம் என்று பேசியதே இங்கு கொடைப்புகழாக நிற்கிறது. அதனைத் தொடர்ந்து, அயலார் ஆட்சி தனக்குத்தானே பெருஞ்சம்பளம் வகுத்துக்கொள்கிறது, கல்வியை மறுக்கிறது, செல்வத்தை உறிஞ்சுகிறது என்ற குற்றப்பட்டியல் வருகிறது. அடுத்தது பேரம்: தன்னாட்சி வாக்களிக்கப்பட்டால் மூன்று மாதங்களில் 50 லட்சம் பேரும், அடுத்த மூன்று மாதங்களில் மேலும் 50 லட்சம் பேரும் போர்முனைக்கு வருவார்களாம். போர் முழுவதிலும் கடல் கடந்து சென்ற இந்தியப் படையினர் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவரே. ஆகையால் அந்த ஒரு கோடிக் கணக்கு நீதிபதி போட்டதன்று, அவருக்குள் ஓய்வு பெறாதிருந்த வக்கீல் போட்டது.

வில்சன் வாளாவிருந்தார். போரில் தோழமை பூண்ட பிரிட்டனின் வீட்டு விவகாரத்தில் தலையிடாதிருப்பதே அவருக்கு உகந்ததாயிருந்தது. அவர் வாய் திறக்காத கடிதத்துக்கு லண்டனிலிருந்து விடை வந்தது. 1917 டிசம்பரில் சென்னைக்கு வந்த இந்திய அமைச்சர் மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் அளித்த நேர்காணலில், சீர்திருத்தம் பேசச் சென்ற முதியவருக்குக் கண்டனமே முதலில் கிடைத்தது. 1918இல் மாண்டேகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் அக்கடிதத்தை இழிவானது என்று சாடினார்.

செங்கற்பட்டுக்கு வடக்கேயுள்ள சிங்கப்பெருமாள் கோயிலில், குடைவரையில் அமர்ந்த பாடலாத்ரி நரசிம்மரின் நெற்றிக்கண், அர்ச்சகர் திருமண்ணை விலக்கித் தீபம் காட்டும்போது மட்டுமே சேவிப்பவர்க்குப் புலப்படும். சட்டத்துக்கும் மரியாதைக்கும் அடங்கிய மணி ஐயரின் சினமும் அவ்வாறே இருந்தது. அவர் தம் கடிதத்தை நியாயப்படுத்தி அறிக்கை வெளியிட்டு, கே.சி.ஐ.இ. என்னும் வீரப் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் தாகூர் தம் பட்டத்தைத் துறந்தது 1919இல். அதனை மாணவர்க்குச் சொல்லத் தவறாத நூல்கள், ஓராண்டு முந்திக்கொண்ட இந்த 75 வயது மதுரைக்காரரைப் பெரும்பாலும் கடந்தே போய்விடுகின்றன.