பந்து இல்லாதவனைப் பாருங்கள்

தம்பிகளா, தங்கச்சிகளா, கால்பந்து ஆட்டம் ஓடும்போது கைப்பேசியை நோண்டிக்கொண்டிருக்கிறீர்கள். கோல் விழுந்த சத்தம் கேட்டால்தான் தலை நிமிர்கிறது. எப்படி விழுந்தது என்று கேட்டால், அடித்தவர் பெயரை மட்டும் சொல்கிறீர்கள்.

ஜோகூர் மாநிலத்து ரெங்கம் ரப்பர் தோட்டங்களில் நாங்கள் வளர்ந்த காலத்தில் அப்படி இருக்க முடியாது. லயத்து வாசலில் வானொலிப் பெட்டி, சுற்றிலும் வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்த பெரியவர்கள், இடுக்கில் நாங்கள். வர்ணனை மலாயில் வரும். ஒரு சொல் தவறினால் பந்து எங்கே போனதென்று தெரியாது.

நல்ல வர்ணனையாளர் கூச்சல் போடமாட்டார். பந்து யாரிடம் இருக்கிறது, திடலின் எந்தப் பக்கம், மறிக்க யார் வருகிறார், யார் தனியாக நிற்கிறார் என்று சொல்லிக்கொண்டே போவார். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவருக்காகக் கோல் கணக்கையும் நேரத்தையும் திரும்பத் திரும்பச் சொல்வார். 2015-இல் மறைந்த வர்ணனையாளர் ஹஸ்புல்லா அவாங்கின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் மலேசியாவில் எல்லா இனத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் கிரிக்கெட்டை இப்படி வானொலியில் நல்ல தமிழில் சொன்னவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். கேட்பவனுக்குக் கண்ணாக இருக்கிறோம் என்ற பொறுப்பு இவர்களுக்கு இருந்தது.

கோல் அடித்தவரை மட்டும் நினைவில் வைத்தால் என்ன தவறிப்போகும் என்பதற்கு ஓர் ஆட்டம்: 1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம், ஒலிம்பிக் தகுதிச் சுற்று. தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். கடைசி நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்தவர் சபாக்காரர் ஜேம்ஸ் வோங். அந்தப் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பந்தை எடுத்துக் கொடுத்தவர் இன்னொரு சபாக்காரர், ஹசான் சானி. பின்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங் என்று இரண்டு தற்காப்பாளர்கள். அவர்களுக்கும் பின்னால் கோல் வாசலில் நம்ம ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக அவரை 'ஸ்பைடர்மேன்' என்பார்கள். வென்றும் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகமும் போய்விட்டார். அன்று லயங்களில் அழாத வீடு குறைவு.

ஆறுமுகத்தின் கை நீளம் பிறவியில் வந்தது. எங்கே நிற்பது என்பது பழகி வந்தது. எதிராளி தனியாக வந்தால் கோல்காவலர் கோட்டிலேயே நிற்கக்கூடாது. இரண்டடி முன்னே வந்தால் அவன் கண்ணுக்குக் கோல் வாசல் சுருங்கிப்போகும். தரையோடு வரும் பந்துக்குக் கையை மட்டும் நீட்டாமல் உடம்பையும் பின்னால் கொண்டுபோக வேண்டும். பிடித்ததும் நெஞ்சோடு அணைக்க வேண்டும். எங்கள் தோட்டத்துக் குழுவில் ஆடிய தண்டல் ஒருவர் மாலை முழுக்க ஒன்றையே சொல்லுவார்: "பந்து வர்றதுக்கு முன்னாடி ஒருதடவ திரும்பிப் பாருடா, பின்னாடி எவன் நிக்கிறான்னு." அப்போது சலிப்பாக இருந்தது. பிறகு வேலைக்குப் போன இடத்திலெல்லாம் அதுதான் என்னைக் காப்பாற்றியது.

பழகி வரும் இந்தக் கவனத்தை ரப்பர் மரம் வெட்டியவர்களுக்கு விளக்க வேண்டாம். கத்தி ஆழமாய் இறங்கினால் மரத்தில் காயம் பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மேலோடு போனால் பால் வராது. இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் அதே ஆழம், அதே சாய்வு. என் அம்மா வெட்டிய பட்டையைத் தடவினால் வழவழவென்றிருக்கும். அதற்கு யாரும் கைதட்டியதில்லை.

இப்போது ஜோகூர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க உங்களுக்குப் பெரிய திரை இருக்கிறது. ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு நடுத் தற்காப்பாளர் ஒருவரை மட்டும் பாருங்கள். பந்து மறுகோடியில் இருக்கும்போதும் அவர் சும்மா நிற்கமாட்டார். ஓரடி இடப்பக்கம், ஈரடி பின்னால், பக்கத்து ஆளுக்குக் கையால் சைகை, தோளுக்கு மேல் ஒரு பார்வை. எதிரணி பந்தை உள்ளே அனுப்பும்போது அது வரும் இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்.