மீஞ்சூரிலிருந்து காசிமேடு வரை: மூன்று நாள் பயணம், ஒரு தண்ணீர்ப் பாடம்

சம்பா அறுவடை முடிந்து, வைக்கோலைப் போர் போட்டு, நெல் விற்ற காசு கையில் கொஞ்சம் நிற்கும் மாதங்கள் தையும் மாசியும். 'எங்கயாவது கூட்டிட்டுப் போப்பா' என்று பிள்ளைகள் கேட்பதும் அப்போதுதான். சென்னை என்றால் நம்மில் பலருக்கு மெரினா, வண்டலூர், தி.நகர் துணிக்கடை. அதோடு ஊர் திரும்பிவிடுவோம்.

இந்த முறை செய்யாறு பக்கத்திலிருந்து எங்கள் வீட்டார் ஐந்து பேர் கிளம்பினோம். அந்த இடங்களை எல்லாம் விட்டுவிட்டு நகரத்தின் வடக்குப் பக்கம் போனோம். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என எல்லாமே கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பாதையில் வரிசையாக இருக்கின்றன. செலவு குறைவு. கோயில் உண்டு, கடல் உண்டு, மீன் சாப்பாடு உண்டு. கிணறும் போர்வெல்லும் வைத்திருக்கிற விவசாயி கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு விஷயமும் அங்கே உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள்: பழவேற்காடு

பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து கிடைக்கும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். தூரத்தில் பார்த்தால் தண்ணீரின் மேல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு போட்டது போல இருக்கும்.

டச்சுக்காரர்கள் 1613-ம் ஆண்டு இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் துணி வியாபாரம் செய்தார்கள். கோட்டை இன்று மண்மேடாகக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். பிறகு அங்கேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு இறால் தொக்கும் களி நண்டு மசாலாவும் சாப்பிட்டோம். இந்த ஏரி இறாலுக்குத் தனி ருசி. ஆரணி ஆறு, காளங்கி ஆறு போன்றவை கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியாக வரும் கடல்நீரும் இங்கே கலக்கின்றன. அந்தக் கலவை சரியாக இருக்கும் வரை இறால் பெருகும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தாலோ, ஆற்றில் தண்ணீர் வராமல் போனாலோ மீனவர் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம்.

பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னுகிற பெண்கள் இங்கே உண்டு. பனைமரம் வைத்திருக்கிறவர்கள் அந்த வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓலைக்கு இவ்வளவு மதிப்பா என்று தோன்றும். ஒரு எச்சரிக்கை: 2011 டிசம்பரில் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். 'படகில் சுற்றிக் காட்டுகிறேன்' என்று யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். கரையில் நின்று பார்ப்பதே போதும்.

இரண்டாம் நாள் காலை: மீஞ்சூர்

மீஞ்சூருக்கு 'வடகாஞ்சி' என்று ஒரு பெயர் உண்டு. காஞ்சிபுரத்தைப் போலவே இங்கும் ஏகாம்பரேஸ்வரர், வரதராஜப் பெருமாள் கோயில்கள் இருப்பதால் அந்தப் பெயர். பக்கத்தில் மேலூரில் திருவுடையம்மன். பௌர்ணமி அன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், மதியம் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூன்று அம்மனையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இருக்கிறது. பௌர்ணமியில் போகிறவர்கள் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

சாமி கும்பிட்டு வெளியே வந்த பிறகு, கிணறு வைத்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "ஐயா, இங்க தண்ணி எப்படி?" என்று கேட்டேன். "குடிச்சுப் பாருங்க தம்பி, நான் சொல்றதைவிட அது சொல்லும்" என்றார். ஒரு வாய்தான் வைத்தேன். உப்பு.

இந்தப் பகுதியின் கதை நீரியல் படிப்பவர்களுக்குப் பாடமாகவே இருக்கிறது. ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் காலம் காலமாகக் கொண்டுவந்து போட்ட மணலுக்கு அடியில் நல்ல நீர் தேங்கிக் கிடந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. உதவியோடு ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகளை வரிசையாகப் போட்டு, நகரத்துக்கும் மணலி தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். விவசாயிகளும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். மழை கொடுத்ததைவிட எடுத்தது அதிகமாகிவிட்டது.

1969-ம் ஆண்டிலேயே கடல்நீர் நிலத்தடியில் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருப்பது தெரிந்தது. 1983-ல் அது சுமார் 9 கிலோமீட்டர். பின்னால் நடந்த ஆய்வுகள் 13 முதல் 15 கிலோமீட்டர் என்று சொல்கின்றன. 1987-ல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆனாலும் 2000-களின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது, இந்த ஆற்றுப்படுகையின் மேல்பகுதியில் விவசாயக் கிணறுகளிலிருந்தே நகரத்துக்குத் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று கழனியைத் தரிசாகப் போட்டவர்களும் உண்டு.

கடல்நீர் எப்படி உள்ளே வருகிறது? நன்னீர் லேசு, உப்பு நீர் கனம். கடலோர நிலத்தடியில் நன்னீர் மேலே மிதக்கும், உப்பு நீர் கீழே நிற்கும். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரம் நின்றால், கீழே உப்பு நீரைச் சுமார் 40 அடி ஆழத்துக்குத் தள்ளி வைக்கும் என்பது கணக்கு. அதே கணக்கில், நாம் மோட்டார் போட்டு மேலே ஒரு அடியைக் குறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். 'தண்ணி இறங்கிடுச்சு, இன்னும் நூறு அடி போடு' என்று போர் இறக்குவது கடலோரத்தில் உப்பை நாமே தேடிப் போவதுதான்.

மீஞ்சூரிலிருந்து கிழக்கே காட்டுப்பள்ளி. அங்கே 2010-ல் திறக்கப்பட்ட கடல்நீர்க் குடிநீர் ஆலை இருக்கிறது. வெளியிலிருந்துதான் பார்த்தோம். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் திறன் கொண்டது. அதற்கு இரண்டு மடங்குக்கும் அதிகமான கடல்நீரை உறிஞ்சி, மெல்லிய சவ்வு வழியே மிகுந்த அழுத்தத்தில் தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். மின்சாரச் செலவு கொஞ்சநஞ்சம் அல்ல. மணலுக்கு அடியில் மழை இலவசமாகச் சேர்த்து வைத்த தண்ணீர் கெட்டுப்போன அதே மண்ணில், கடலைக் காசு கொடுத்துக் காய்ச்சாத குறையாக நன்னீராக்குகிறோம்.

மதியம்: எண்ணூர்

அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் போனால் ஒரு பக்கம் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள், மறுபக்கம் உப்பளம். 2001-ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் நாட்டின் 12-வது பெரிய துறைமுகம். இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர். அனல் மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான் முதலில் கட்டினார்கள். நம் ஊர் பம்ப்செட் ஓடும் மின்சாரத்தில் இந்த ஊரின் பங்கும் உண்டு.

அதற்கான விலையைக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பார்க்கலாம். சாம்பல் படிந்து ஆழம் குறைந்த உப்பங்கழியில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்து வந்து இந்தக் கழி முழுக்கப் படர்ந்தது. வலையும் படகும் கறுத்துப்போயின. வயலில் எண்ணெய் ஊற்றினால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும்.

மாலை: திருவொற்றியூர்

தியாகராஜசுவாமி கோயில் பெரிய கோயில். நிதானமாகச் சுற்ற இரண்டு மணி நேரம் வேண்டும். மூலவர் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் தரிசிக்கலாம். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்ததும் இந்தத் தலத்துக் கதைகள்.

கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி. அவர் கையில் வைத்திருந்த பேய்க்கரும்பின் நுனி இனித்த இடத்தில் தங்கிவிட்டார் என்பது கதை. காலையில் உப்பு நீரைக் குடித்துவிட்டு, மாலையில் 'கரும்பு நுனி இனித்த ஊர்' என்று கேட்டபோது எங்கள் அம்மா சிரித்தே விட்டார்.

கரையில் மணலைவிடப் பாறாங்கல்தான் அதிகம். கடலோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 19-ம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் கடல் கரையை அரித்துத் தெருத்தெருவாக விழுங்கியது. வாய்க்காலில் மேல்மடைக்காரர் அடைத்தால் கடைமடை காய்வது போலத்தான் இதுவும்.

மூன்றாம் நாள்: காசிமேடு, ராயபுரம்

விடியும் முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுங்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடம்பா, நெத்திலி என்று கூடை கூடையாக இறங்கும். ஏலம் விடுகிற வேகத்தைப் பார்த்தால் நம் காய்கறி மண்டி ஞாபகம் வரும். விலை சொல்கிறவர் ஒருவர், விளைவித்தவர் வேறொருவர் என்பது அங்கேயும் அப்படித்தான். மீன் அமிலம் தயாரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மீன் வெட்டுகிற இடத்தில் தலை, குடல் கழிவு தாராளமாகக் கிடைக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்கான தடைக்காலம் அது. கடலுக்குத் தரிசு விடுகிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். வயலுக்கும் நாம் தரிசு விடுகிறோம். நிலத்தடி நீருக்கு மட்டும் யாரும் தரிசு விடுவதில்லை.

ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தக் காலத்துக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து கடற்கரை ரயில் நிலையம் பக்கம் வந்தால் அத்தோ கடைகள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு சொத்தை விட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மொறுமொறு பேஜோ எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். தோட்டத்தில் வெட்டிப் போடும் வாழைத்தண்டுக்கு நகரத்தில் வரிசையில் நிற்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனில் 'ஏழு கிணறு' என்று ஒரு பகுதி உண்டு. 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய கிணறுகளால் வந்த பெயர். அது போதாமல் 1872-ல் புழல் ஏரி நீர் வந்தது. அதுவும் போதாமல் மீஞ்சூர் மணலுக்கு அடியில் கை வைத்தார்கள். இப்போது கடல். நகரத்துக்கு அடுத்து அடுத்து வழி கிடைத்தது. மீஞ்சூர் கிணற்றுக்காரருக்குக் கிடைக்கவில்லை.

ஊருக்கு எடுத்து வந்தது

கடலூர், நாகை, ராமநாதபுரம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் கிணறு வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும். உப்பு வந்த பிறகு எடுப்பது சுலபமல்ல, வராமல் காப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையிலும் மழைக்குப் பிறகும், தண்ணீரைச் சோதியுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் அலசி, ஒரு லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின் கடத்துத்திறன், அதாவது இ.சி., 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏறிக்கொண்டே போனால் அதுதான் எச்சரிக்கை.

ஜிப்சம் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து. கிணற்றுக்குள் வந்த கடல் உப்பை அது எடுக்காது. பண்ணைக் குட்டை வெட்டி மழைநீரை இறக்குவது, சொட்டுநீருக்கு மாறுவது, கோடையில் இறைப்பைக் குறைப்பது ஆகியவைதான் வழி. இதை ஒருவர் மட்டும் செய்தால் பலன் குறைவு. நிலத்தடியில் வரப்பு கிடையாது. பக்கத்துக் கிணற்றுக்காரரையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.

பயணம் போகிறவர்களுக்கு

* வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு விடியலில் காசிமேட்டில் இருக்கலாம். அன்று கூட்டம் அதிகம், மீனும் அதிகம்.
* கும்மிடிப்பூண்டி பாதை ரயில்களில் சில சென்ட்ரலுக்கும் சில கடற்கரைக்கும் போகும். ராயபுரத்தில் இறங்க வேண்டும் என்றால் கடற்கரை வண்டியில் ஏறுங்கள்.
* திருவொற்றியூர் தேரடிக்கு மெட்ரோ ரயிலும் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.
* மீன் தடைக்காலத்தில் காசிமேட்டில் பெரிய மீன் வரத்து குறையும். பூநாரை பார்க்கவும் தை, மாசிதான் ஏற்றது.
* குடிதண்ணீர் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.